பைன் மரத்தின் கீழ் இருந்தவரும் தரையில் இருந்தவரும்

பழைய மாணவர் சங்கங்கள் வெளியிடும் விழா மலர்களுக்கென்று எழுதப்படாத ஓர் இலக்கணம் இருக்கிறது. முதலில் ஆசியுரைகள். பின்னர் அதிபர்களின் வரிசை. அதன்பின் 'அந்த நாள் ஞாபகம்' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை. அந்தக் கட்டுரையில் தவறாமல் ஒரு மரம். வேம்போ வாகையோ ஆலோ, ஏதோ ஒன்று கல்லூரி முற்றத்தில் நின்றிருக்கும். அதன் நிழலில் இருந்து படித்தவர்கள் இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருப்பார்கள். மரத்தை அடுத்து வாங்கு வரும். பேனாக்கத்தியால் பெயர் செதுக்கப்பட்ட அந்த வாங்கை இப்போது நினைத்தாலும் கண் கலங்குகிறது என்று எழுதிக் கட்டுரையை முடிப்பார்கள்.

முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இத்தகைய மலர்கள் பலவற்றை வாசிக்கவும் சிலவற்றுக்கு எழுதவும் நேர்ந்திருக்கிறது. மரத்தைப் பற்றி எழுதுவதில் எவருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. ஆனால் கல்லூரி வரலாறு என்று வரும்போது மரமே எல்லாவற்றிலும் பாதுகாப்பான சாட்சியாக இருப்பது ஏன் என்று கேட்க வேண்டியிருக்கிறது. மரம் வாய் திறக்காது. தன் நிழலில் யார் இருந்தார்கள், யார் விரட்டப்பட்டார்கள் என்று அது சொல்லாது. சொல்லாத சாட்சியையே விழாக்குழுக்கள் விரும்புகின்றன.

இந்தக் கூற்றை நிறுவுவதற்கு நான் முதலில் எடுத்துக்கொள்ளும் உதாரணம் நமது நாட்டுக் கல்லூரி அல்ல. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹனோவர் என்ற ஊரிலுள்ள டார்ட்மவுத் கல்லூரி. அவ்வளவு தூரம் போவதற்கு ஒரு காரணம் உண்டு. யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாற்றின் தொடக்கப் பக்கங்களில் இடம்பெறும் இருவர் அந்தக் கல்லூரியின் பட்டதாரிகள். வட்டுக்கோட்டைச் செமினரியின் முதல் அதிபர் டானியல் பூவர் 1811இல் அங்கு பட்டம் பெற்றவர். உடுவில் பெண்கள் பாடசாலையை நீண்டகாலம் பொறுப்பேற்று நடத்திய லீவை ஸ்போல்டிங் 1815இல் பட்டம் பெற்றவர். ஆக, டார்ட்மவுத்தின் பைன் மரங்களுக்கும் நமது வாங்குகளுக்கும் இடையில் ஒரு கொடிவழி இருக்கிறது. அது வெறும் கற்பனை உறவு அல்ல.

டார்ட்மவுத்தின் சின்னம் பைன் மரம். நமது மலையகத்தில் பைனஸ் என்று அழைக்கப்படும் மரத்தின் இனத்தைச் சேர்ந்ததுதான்; அங்குள்ளது வெள்ளைப் பைன். கல்லூரியின் மேட்டில் தனித்து நின்ற ஒரு முதிய பைன் மரத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு மாணவர்கள் தமது அடையாளமாகவே கொண்டாடினர். பட்டம் பெற்று வெளியேறும் வகுப்பினர் அதன் அடியில் கூடுவர், களிமண் சுங்கான்களைப் புகைப்பர், பிறகு அவற்றை உடைத்துவிட்டுப் பிரிவர். 1887இல் அந்த மரத்தை மின்னல் தாக்கியது. 1892இல் சூறைக்காற்று முறித்தது. 1895இல் அது வெட்டப்பட்டது. வெட்டிய பின்பும் அடிக்கட்டையைப் பேணி வைத்தார்கள். சுங்கான் உடைக்கும் சடங்கு அந்தக் கட்டையின் மீதே தொடர்ந்தது. 2018இல் கல்லூரி தன் இலச்சினையைப் புதுப்பித்தபோதும் ஆங்கில எழுத்து ஒன்றின் நடுவே பைன் மரத்தையே வரைந்துகொண்டது.

இனிமையான கதைதான். இனி அந்த மரத்தின் வேரைக் கொஞ்சம் தோண்டிப் பார்ப்போம்.

கல்லூரியின் நிறுவுநர் எலியேசர் வீலொக் ஒரு போதகர். கனெக்டிகட் குடியேற்றத்தின் லெபனன் என்ற ஊரில், 1754இல், பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென ஒரு தர்மப் பாடசாலையை நடத்தத் தொடங்கினார். அவ்வாறு ஒரு பாடசாலை நடத்தலாம் என்ற நம்பிக்கையை அவருக்குத் தந்தவர் சாம்சன் ஒக்கம் என்ற மொஹீகன் இனத்தவர். 1743இல் வீலொக்கிடம் படிக்க வந்து, பின்னர் போதகராகவும் ஆசிரியராகவும் உயர்ந்தவர் ஒக்கம். அவரையும் நத்தானியேல் விட்டக்கர் என்ற போதகரையும் 1765இன் இறுதியில் வீலொக் பிரித்தானியாவுக்கு அனுப்பினார். நோக்கம் நிதி திரட்டுவது. ஒக்கம் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக ஊரூராகச் சென்று முந்நூறுக்கும் மேற்பட்ட பிரசங்கங்களைச் செய்தார். பூர்வகுடி மனிதர் ஒருவர் பிரசங்கபீடத்தில் நின்று பேசுவதைக் கேட்கக் கூட்டம் திரண்டது. மன்னர் மூன்றாம் ஜோர்ஜே 200 பவுண் கொடுத்தார். மொத்தமாக ஏறத்தாழ 12,000 பவுண் சேர்ந்தது. அக்காலத்துக்கு அது பெருந்தொகை.

அந்தப் பணம் என்னவாயிற்று? ஒக்கம் ஊர் திரும்பியபோது, கவனித்துக்கொள்வதாக வாக்களிக்கப்பட்டிருந்த அவரது குடும்பம் வறுமையில் கிடந்தது. வீலொக்கின் எண்ணமும் மாறியிருந்தது. 1769 டிசம்பரில் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு கல்லூரிக்கான அரச பட்டயம் வழங்கப்பட்டது. பூர்வகுடி இளைஞர்களுக்குக் கல்வியளிப்பது பற்றிப் பட்டயம் முதலில் பேசியது. ஆங்கிலேய இளைஞரைப் பற்றி அதன்பின்னரே பேசியது. நடைமுறையில் வரிசை தலைகீழாயிற்று. கல்லூரி வெள்ளையருக்கான கல்லூரியாகவே வளர்ந்தது. டார்ட்மவுத்தின் முதல் இருநூறு ஆண்டுகளில் அங்கு பட்டம் பெற்ற பூர்வகுடியினர் 19 பேர் மட்டுமே. இது எதிரிகள் கட்டிய கணக்கு அல்ல. கல்லூரியே ஒப்புக்கொள்ளும் கணக்கு.

இங்கே ஒரு கேள்வி எழும் என்பதை அறிவேன். அக்காலத்தை இக்கால அளவுகோலால் அளக்கலாமா என்று கேட்பார்கள். பழம்பெருமை பேசுவோரிடம் எப்போதும் தயாராக இருக்கும் கேடயம் இது. அதற்கான பதிலை நான் தேடவேண்டியதில்லை. 1771இலேயே ஒக்கம் கொடுத்துவிட்டார். கல்வி தந்த கழகத்தை இலத்தீனில் 'அல்மா மாட்டர்', அதாவது பாலூட்டி வளர்க்கும் தாய், என்று அழைப்பது வழக்கம். வீலொக்குக்கு எழுதிய கடிதத்தில் ஒக்கம் அந்தச் சொல்லையே திருப்பிப் போட்டார். உங்கள் அல்மா மாட்டர் மிகவும் 'அல்பா' மாட்டராகிவிடும், அதாவது மிகவும் வெளுத்த தாயாகிவிடுவாள், நிறம் மங்கிய பிள்ளைகளுக்கு அவளிடம் பால் கிடைக்காது என்ற பொருளில் எழுதினார். கல்லூரி தொடங்கி இரண்டு ஆண்டுகள்கூட முழுதாக ஆகாத நேரத்தில், அதற்காக நிதி திரட்டிய மனிதரே, இலத்தீன் சிலேடையில் அதன் எதிர்காலத்தைச் சொல்லிவிட்டார். அவர் பயன்படுத்தியது இருபத்தோராம் நூற்றாண்டின் அளவுகோல் அல்ல. அக்காலத்தின் அளவுகோலே அதுதான். அதைக் கையில் வைத்திருந்தவர்களின் பேச்சு மலர்களில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

மரத்துக்குத் திரும்புவோம். அந்தப் பட்டயத்தை வழங்கியவர் நியூ ஹாம்ப்ஷயரின் ஆளுநர் ஜோன் வென்ட்வர்த். இவருக்கு இன்னொரு பதவியும் இருந்தது. வட அமெரிக்காவிலுள்ள மன்னரின் காடுகளுக்கு இவரே தலைமை அளவையாளர். பிரித்தானியக் கடற்படைக்குப் பாய்மரம் வேண்டும். வெள்ளைப் பைனைவிடச் சிறந்த பாய்மரம் கிடையாது. எனவே குறித்த பருமனுக்கு மேற்பட்ட பைன் மரங்கள் மன்னருக்கே உரியவை என்று சட்டம் இருந்தது. 1691ஆம் ஆண்டின் மசச்சூசெட்ஸ் பட்டயம் 24 அங்குல விட்டத்தை எல்லையாக வைத்தது. நியூ ஹாம்ப்ஷயரில் 1722ஆம் ஆண்டுச் சட்டம் அதை 12 அங்குலமாகக் குறைத்தது. மன்னரின் மரங்களில் அகன்ற அம்புக்குறி ஒன்றைக் கோடரியால் வெட்டி அடையாளமிடுவார்கள். 1772இல் வீயர் என்ற ஊரில் மரம் வெட்டிய குடியேறிகளைக் கைதுசெய்ய வந்த ஷெரீப்பை ஊரவர் விடியற்காலையில் தங்கு விடுதியிலேயே அடித்து விரட்டினர். பைன் மரக் கலகம் என்று அது வரலாற்றில் பதிவாகியிருக்கிறது.

மன்னர் மரம் தன்னுடையது என்றார். குடியேறி தன்னுடையது என்றான். இருவரும் அடித்துக்கொண்டார்கள். அந்த வழக்கில் மூன்றாவது தரப்பு ஒன்று இருந்தது. அதனிடம் எவரும் கேட்கவில்லை. ஹனோவரும் அதைச் சூழ்ந்த நிலமும் அபெனாக்கி மக்களின் நிலம். ஆனால் 1773இல் கல்லூரி ஏற்றுக்கொண்ட முத்திரையைப் பாருங்கள்: பைன் தோப்பொன்றிலிருந்து வெளிப்படும் பூர்வகுடியினர் கல்லூரிக் கட்டடத்தை நோக்கி நடக்கிறார்கள். மேலே, வனாந்தரத்தில் ஒலிக்கும் குரல் என்று பொருள்படும் இலத்தீன் வாசகம். மனிதர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நிலத்தை வனாந்தரம் என்று பெயரிட்டுவிட்டால் அதை எடுத்துக்கொள்வது இலகுவாகிவிடுகிறது. முத்திரையில் பூர்வகுடி மனிதர் கல்லூரிக்குள் போகிறார். உண்மையிலோ அவரது பெயரில் வந்த பணம் மட்டும் உள்ளே போனது.

1770இல் வீலொக் ஹனோவருக்கு வந்து சேர்ந்தபோது அங்கு வானளாவிய பைன் காடு. காடு வெட்டப்பட்டது, மரக்குற்றிகளைக்கொண்டு முதற் குடிசை அடுக்கப்பட்டது. அந்தக் காட்டை மாணவர்களும் போதகருமே வெட்டினார்கள் என்பது போலத்தான் பழைய கதைகள் பேசும். வீலொக் அடிமைகளை வைத்திருந்தவர். கறுப்பினத்தவரான அந்த அடிமைகளையும் அழைத்துக்கொண்டே அவர் ஹனோவருக்கு வந்தார். அமெரிக்கக் கல்லூரிகளுக்கும் அடிமை முறைக்கும் இடையிலான தொடர்பை ஆராய்ந்து கிரெய்க் ஸ்டீவன் வைல்டர் 2013இல் ஒரு நூலை வெளியிட்டார். அதற்கு அவர் இட்ட பெயரில் கருங்காலி மரமும் ஐவிக் கொடியும் இருக்கின்றன. பழம்பெரும் கல்லூரிகளின் சுவரில் படர்ந்த கொடியை எல்லோரும் படம் பிடித்தார்கள். சுவரை எழுப்பிய கருத்த கைகளைப் பார்க்க இத்தனை காலம் எடுத்திருக்கிறது.

மாணவர்களும் மரம் வெட்டினார்கள், அதை நான் மறைக்கவில்லை. ஜோன் லெட்யார்ட் என்ற மாணவர் 1773இல் ஒரு பெரிய பைன் மரத்தை வீழ்த்தி, அதைக் குடைந்து வள்ளமாக்கி, படிப்பை விட்டுவிட்டுக் கனெக்டிகட் ஆற்றில் ஹார்ட்ஃபோர்ட் வரை மிதந்து போய்ச் சேர்ந்தார். பிற்காலத்தில் கப்டன் குக்கின் மூன்றாவது கடற்பயணத்திலும் அவர் இருந்தார். கல்லூரியின் வள்ளக் கழகம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படிப்பைப் பாதியில் விட்ட வெள்ளை மாணவனின் குடைவள்ளம் வீரக்கதையாகிறது. குடைவள்ளம் செய்யும் கலை யாருடையதோ அவர்களின் பிள்ளைகள் படிப்பைப் பாதியில் விட்டால், அது அவர்களின் இயல்பு என்று எழுதப்படுகிறது. மரம் ஒன்றுதான், ஆளுக்கு ஆள் கதை வேறு.

மரம் வெறும் நினைவுப் பொருளாக மட்டும் இருக்கவுமில்லை. கல்லூரியின் மைய மண்டபமான டார்ட்மவுத் மண்டபம் 1784 முதல் 1791 வரை மரத்தாலேயே கட்டப்பட்டது. பூவரும் ஸ்போல்டிங்கும் படித்த காலத்தில் கல்லூரி என்றால் அந்த மரக் கட்டடம்தான். 1904 பெப்ரவரியில் அது தீயில் அழிந்தது. இப்போது நிற்பது அதன் சாயலில் செங்கல்லால் எழுப்பப்பட்டது. 1807இல் மாநிலச் சட்டசபை வடக்கெல்லையில் ஏறத்தாழ 27,000 ஏக்கர் காட்டைக் கல்லூரிக்கு வழங்கியது. இரண்டாம் கல்லூரி மானியம் என்று அழைக்கப்படும் அந்தக் காடு இன்றும் கல்லூரியின் கையில் இருக்கிறது; அதன் மரம் கல்லூரிக்கு வருமானம். பைன் மரத்தை வெறும் கவிதையாகப் பார்ப்பவர்கள் அது கணக்குப் புத்தகத்திலும் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

இவற்றையெல்லாம் ஒரே படத்தில் காட்டியது பேக்கர் நூலகக் கோபுரத்தின் உச்சியில் இருந்த காற்றுத்திசைகாட்டி. 1928 முதல் அது அங்கே சுழன்றுகொண்டிருந்தது. செப்பில் ஒரு பைன் மரம். மரத்தின் கீழே உயர்ந்த இருக்கையில் வீலொக். அவருக்கு எதிரே பூர்வகுடி மனிதர் ஒருவர் நீண்ட சுங்கானுடன் தரையில் இருக்கிறார். அருகே ஒரு மதுப் பீப்பா. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக மாணவர்கள் அதன் கீழே நடந்து போனார்கள். அண்ணாந்து பார்த்து, காற்று எங்கிருந்து வீசுகிறது என்று மட்டும் அறிந்துகொண்டார்கள். பூர்வகுடி மாணவர்களின் கோரிக்கையின் பின்னர் 2020 ஜூனில் அது இறக்கப்பட்டது.

இறக்கியதும் ஒரு கூச்சல் எழுந்தது. பாரம்பரியம் அழிகிறது என்றார்கள். 1974இல் பூர்வகுடி உருவத்தை விளையாட்டுச் சின்னமாகப் பயன்படுத்துவதைக் கல்லூரி நம்பிக்கைப் பொறுப்பாளர்கள் கைவிடச் சொன்னபோதும் இதே கூச்சல்தான். 1990களின் தொடக்கத்தில் சுங்கான் உடைக்கும் சடங்கு கைவிடப்பட்டபோதும் இதுவேதான். சுங்கான் என்பது பூர்வகுடியினர் பலருக்குப் புனிதப் பொருள். அதைப் புகைத்து மரக்கட்டையில் உடைத்து விளையாடுவது அவர்களைப் புண்படுத்துகிறது என்று சொன்னபின்பும், எங்கள் இளமை நினைவைப் பறிக்கிறீர்களே என்று கவலைப்பட்டவர்கள் இருந்தார்கள். ஒருவரின் இளமை நினைவுக்காக இன்னொருவரின் அவமானம் காலமெல்லாம் தொடரவேண்டும் என்பதே இந்த வாதத்தின் சாரம். இதற்குப் பாரம்பரியம் என்று பெயர் வைப்பது பாரம்பரியத்துக்கே இழுக்கு.

டார்ட்மவுத் தன் கடனைக் கொஞ்சமாவது திருப்பத் தொடங்கியிருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1970இல் தலைவராகப் பொறுப்பேற்ற ஜோன் கெமெனி, பட்டயத்தின் முதல் வாக்குறுதியை நினைவூட்டி, பூர்வகுடி மாணவர்களைச் சேர்ப்பதற்கான திட்டத்தைத் தொடக்கினார். 2022 ஏப்ரலில் சாம்சன் ஒக்கமின் கடிதங்களையும் குறிப்புகளையும் கல்லூரி மொஹீகன் மக்களிடமே கொண்டுபோய்க் கையளித்தது. அல்பா மாட்டர் என்று எழுதியவரின் கையெழுத்து ஏறத்தாழ 250 ஆண்டுகளுக்குப் பின் வீடு திரும்பியது. கல்லூரி அதனால் சிறுத்துப் போகவில்லை. பைன் மரமும் இலச்சினையில் அப்படியே இருக்கிறது. உண்மையைச் சொன்னால் பெருமை போய்விடும் என்று அஞ்சுவோருக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

இனி நமது பக்கம்.

டானியல் பூவர் 1815இல் நியூபரிபோர்ட் துறைமுகத்திலிருந்து கப்பலேறி 1816இல் இலங்கைக்கு வந்தார். தெல்லிப்பழையில் பாழடைந்த பழைய தேவாலய வளவில் குடியேறிப் பாடசாலை தொடங்கினார். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி ஆரம்பமாயிற்று. கணிதமும் வானியலும் ஆங்கிலமும் தமிழும் அங்கே கற்பிக்கப்பட்டன. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் செமினரியின் மாணவர்கள். ஏட்டில் கிடந்த பழந்தமிழ் நூல்கள் அச்சேறியதில் தாமோதரம்பிள்ளையின் பங்கு யாவரும் அறிந்தது. ஒக்கமின் பெயரில் திரட்டிய பணம் வேறு வழியில் போனது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளின் பெயரில் திரட்டிய பணம் யாழ்ப்பாணத்துக்கே வந்தது. பூவரின் நாமத்தை இந்த அளவில் வீலொக்கின் நாமத்தோடு சேர்த்து வைப்பது அநீதி. அவர் 1855இல் மானிப்பாயில் வாந்திபேதி கண்டு இறந்தார். இந்த மண்ணிலேயே கிடக்கிறார்.

ஆயினும் கொடிவழி முற்றாக அறுந்துவிடவில்லை. ஒரு பிள்ளையின் செலவை ஏற்கும் அமெரிக்கக் கொடையாளி அந்தப் பிள்ளைக்குத் தன் விருப்பப்படி ஒரு பெயரைச் சூட்டலாம் என்ற ஏற்பாடு இங்கே இருந்தது. கறல், ஆர்னல்ட், நெவின்ஸ் என்ற பெயர்கள் யாழ்ப்பாணத்துத் தமிழருக்கு வந்த வழி அதுதான். மன்னரின் பைன் மரத்தில் வெட்டிய அம்புக்குறி என் நினைவுக்கு வருகிறது. 1855இல் செமினரி மூடப்பட்டபோதும், ஆங்கிலக் கல்வி அரசாங்க உத்தியோகத்துக்கே ஆள் சேர்க்கிறது, சுவிசேஷப் பணிக்கு உதவவில்லை என்ற முடிவை எடுத்தவர்கள் பொஸ்ரனில் இருந்த மிஷன் சபையினர். உயர்கல்வி மீண்டும் தேவை என்று யாழ்ப்பாணத்தார் எழுந்து முயன்ற பின்னரே 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி உருவாயிற்று. யாருக்காகக் கல்லூரியோ அவர்களைக் கேளாமலே திறப்பதும் மூடுவதும் என்ற பழக்கம் இரண்டு இடங்களுக்கும் பொதுவானது.

இதுவரை சொன்னது அந்நியரின் குற்றம். அந்நியரின் குற்றத்தைச் சொல்லும்போது நமது சபைகளில் கைதட்டல் கிடைக்கும். அடுத்ததைச் சொன்னால் மௌனம்தான் கிடைக்கும் என்று தெரிந்தே சொல்கிறேன்.

பேக்கர் கோபுரத்தின் செப்புப் படத்தில் ஒருவர் மரத்தடியில் உயர இருந்தார். மற்றவர் தரையில் இருந்தார். அந்தப் படத்தைப் பார்க்க யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்று ஹனோவருக்குப் போயிருக்க வேண்டியதில்லை. தன் ஊர்ப் பாடசாலையின் கதவடியில் நின்றாலே போதுமானதாக இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பல பாடசாலைகளில் இடமே இல்லை. இடம் கிடைத்த பாடசாலைகளில் வாங்கு இல்லை, நிலம்தான். மிஷன் பாடசாலைகளிலும் இந்த வழக்கம் நெடுங்காலம் பொறுத்துக்கொள்ளப்பட்டது. அரசாங்க உதவிப்பணம் பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமான ஆசனம் கொடுக்க வேண்டும் என்ற பணிப்பு 1929ஐ ஒட்டி வந்தது. ஒரு பலகை, நான்கு கால். அதில் அடுத்த வீட்டுப் பிள்ளையோடு அருகருகே இருப்பது. கேட்கப்பட்டது இவ்வளவே. அதற்கு வந்த எதிர்ப்பில் பாடசாலைகள் தீக்கிரையாக்கப்பட்டன. தமது பிள்ளை படிக்கும் பாடசாலையின் கூரையையே கொளுத்தத் துணியும் அளவுக்கு அந்த வாங்குப் பலகை சிலருக்குப் பெரிதாக இருந்தது.

யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் போன்ற அமைப்புகள் அப்போது சமாசனத்துக்கு ஆதரவாக நின்றன என்பது நமக்கு ஆறுதல். ஆனால் நமது விழா மலர்களை எடுத்துப் பாருங்கள். அந்த ஆண்டுகளைக் கடக்கும்போது கட்டுரைகள் கிரிக்கெட் அணியைப் பற்றிப் பேசும். புதிய மண்டபத்துக்கு அடிக்கல் நாட்டிய தேசாதிபதியைப் பற்றிப் பேசும். முற்றத்து மரத்தைப் பற்றிப் பேசும். முதலாவது ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளை எந்த ஆண்டில் அனுமதிக்கப்பட்டது, அது எங்கே இருத்தப்பட்டது, அந்தப் பிள்ளை எத்தனையாம் வகுப்போடு நின்றது என்று ஒரு வரி தேடினால் கிடைப்பது அரிது. டொமினிக் ஜீவா தமது தன்வரலாற்றுக்கு 'எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்' என்று பெயர் வைத்தார். எழுதப்படாததையும் வரையப்படாததையும் கல்லூரிகள் எழுதாதபோது, படிப்பைத் தொடர முடியாமற் போன ஒருவர் எழுதவேண்டி வந்தது. கே. டானியலின் நாவல்கள் சொன்னதைக் கல்லூரி வரலாறுகள் சொல்லவில்லை. இது நமது அறிவுலகத்துக்குப் பெருமை சேர்க்கும் செய்தி அல்ல.

இதற்கு எழக்கூடிய மறுப்புகள் எனக்குத் தெரியும். போரில் எல்லாவற்றையும் இழந்த சமூகம், இருப்பது கல்லூரிப் பெருமை ஒன்றுதான், அதிலும் கை வைக்கலாமா என்பார்கள். இந்த வாதத்தில் வேதனை இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். ஷெல் விழுந்து கூரை பறிபோன வகுப்பறைகளையும், அடுப்பெரிக்க விறகாகிப் போன வாங்குகளையும் கண்ட தலைமுறை இது. ஆனால் இழந்ததற்காக நியாயம் கேட்கும் சமூகத்துக்கே தன் கணக்கைச் சரியாக எழுதும் கடமை கூடுதலாக இருக்கிறது. எங்கள் நூலகம் எரிக்கப்பட்டது என்று 1981ஐப் பற்றி உலகம் முழுவதும் சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். 1930ஐ ஒட்டி நாமே எரித்த பாடசாலைகளைப் பற்றி நமது பிள்ளைகளுக்கு ஏன் சொல்வதில்லை? ஒரு தீயை நினைவில் வைத்து மற்றத் தீயை மறப்பதற்கு நினைவு என்று பெயரில்லை.

பழையதைக் கிளறினால் சாதி மீண்டும் தலைதூக்கும் என்பது இரண்டாவது மறுப்பு. தலைதூக்குவதற்கு அது முதலில் தலை சாய்த்திருக்க வேண்டும். திருமண விளம்பரப் பக்கங்களைத் திருத்தும் எந்தப் பத்திரிகையாளனிடமும் கேட்டுப் பாருங்கள். அது படுத்திருக்கிறதா நிமிர்ந்து நிற்கிறதா என்று சொல்வான்.

மூன்றாவது, நல்லதும் நடந்திருக்கிறதே என்பது. நடந்தது. தாமோதரம்பிள்ளையையும் பூவரையும் மேலே நானே சொன்னேன். நல்லது நடந்ததனால்தான் நடந்தவற்றை முழுவதுமாக எழுதவேண்டும் என்கிறேன். நல்லது நடக்காத இடத்தின் வரலாறு எவருக்கு வேண்டும்?

கல்லூரிகளின் இருநூறாவது ஆண்டுகள் வந்துகொண்டிருக்கும் காலம் இது. வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கி 2023இல் இருநூறு ஆண்டுகள் நிறைந்தன, உடுவிலுக்கு 2024இல். அடுத்தடுத்து ஏனையவையும் வரும். அவற்றின் மலர்க் குழுக்களுக்கு எனது வேண்டுகோள் எளிமையானது. உங்கள் அனுமதிப் பதிவேடுகளைத் திறவுங்கள். யார் எப்போது சேர்க்கப்பட்டார், யார் மறுக்கப்பட்டார் என்று ஓர் அத்தியாயம் எழுதுங்கள். விடுதியில் யார் சமைத்தார், யார் கூட்டினார், யார் கழுவினார், அவர்களின் பிள்ளைகள் எங்கே படித்தார்கள் என்று கேளுங்கள். காட்டு மரத்தைத் தறித்து வாங்கு செய்த தச்சனின் மகன் அந்த வாங்கில் இருந்தானா என்று கேளுங்கள். சமாசனத்தை நடைமுறைப்படுத்திய அதிபர் உங்கள் கல்லூரியில் இருந்திருந்தால் அவருக்கு முதல் பக்கத்தைக் கொடுங்கள். அவர் நிச்சயமாக அதற்குத் தகுதியானவர். எதிர்த்து நின்ற அதிபர் இருந்திருந்தால் அவரது படத்தையும் இறக்க வேண்டாம். படத்தின் கீழே அவர் செய்ததை எழுதுங்கள்.

இதைச் செய்யாமல் மரத்தைப் பற்றி மட்டும் எழுதுவோமானால், தொண்ணூறு ஆண்டுகள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் காற்றின் திசையை மட்டும் அறிந்துகொண்டவர்களின் வரிசையில் நாமும் நிற்போம். அவர்கள் இறக்கிவிட்டார்கள். நமது கோபுரத்தில் உள்ளது செப்பில் வார்க்கப்படாததால் இன்னும் எவருடைய கண்ணிலும் படாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை இறக்கும் வேலை வெளியார் எவருடையதும் அல்ல. அந்த வாங்குகளில் இருந்து படித்து முன்னேறிய நம்முடையது.